காலையில் பார்க்க

மூன்று கோப்புறைகளை உருவாக்கச் சொன்னாள். நான்கு வந்திருந்தன.

அவள் மறுபடி எண்ணினாள். மருத்துவர் அறிக்கை, பணியாளர் வாக்குமூலங்கள், அறையின் படங்கள். இவை அவள் கேட்டவை. நான்காவது, அழையாமல் வந்த விருந்தாளியைப்போல, வரிசையின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

விடுமுறை நாளின் மாலைப்பொழுது. சன்னலுக்கு வெளியே, பெய்யப் போவதாக மிரட்டிக்கொண்டே பெய்யாமல் நின்ற வானம். உள்ளே, நாற்காலிகளெல்லாம் மேசைகளுக்கடியில் செருகப்பட்டு, பிள்ளைகள் போன பின் பூட்டிய வகுப்பறைபோல அடங்கிக் கிடந்த நீண்ட அலுவலகக் கூடம். கீழ்த்தளக் கிடங்கிலிருந்து படிக்கட்டு வழியே ஓசையின்றி ஏறி வந்து, மேசைகளுக்கிடையே தேங்கி, துணியிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு வீடுவரை கூடவே வரும் ஈர அட்டைப்பெட்டியின் வாடை. அவளைத் தவிர மேல்தளத்தில் எவருமில்லை. நாளை விசாரணை. கிடங்கின் பாதுகாப்பு அலுவலர் என்ற முறையில் அதற்கான ஆவணங்களை அடுக்கிவைக்க வந்திருந்தாள்.

அடுக்குவது என்றால் கையால் அல்ல. கிடங்கின் தாள்கள் எல்லாம் எங்கோ தொலைவில், எவருடைய கணினிகளிலோ, மேகச் சேமிப்பகம் என்ற பெயரில் கிடந்தன. திரையின் ஓரத்தில் ஒரு கட்டம். வேண்டியதை வாய்க்கு வந்தபடி அதில் தட்டினால் போதும். செயற்கை அறிவு முகவர் ஒன்று அதைப் புரிந்துகொண்டு, கோப்புறையை உருவாக்கி, பெயர் சூட்டி, ‘உருவாக்கப்பட்டது’ என்று பணிவோடு சொல்லும். அலுவலகத்தில் அதற்கு ‘எடுபிடி’ என்று பெயர். “நம்ம எடுபிடி மாதிரி ஒரு மாப்பிள்ளை கெடைச்சா, கண்ண மூடிட்டுப் பொண்ணக் குடுத்துரலாம்” என்று கணக்குப் பிரிவுக்காரர் சொல்லாத வாரமில்லை. முகம் கோணாது. முணுமுணுக்காது. ஏன் என்று கேட்காது.

ஏன் என்று கேட்காது என்பதுதான் அதனிடம் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

நான்காவது கோப்புறையின் பெயரைப் படித்தாள்.

‘குளிர் அறை – உள்ளிருந்து – காலையில் பார்க்க.’

சுட்டெலியின் மேலிருந்த கை தானாக விலகியது. அந்தச் சொற்கள் அவளுடையவை. அந்த வரிசையை அவளே வகுத்தாள். ஆனால் குளிர் அறை இப்போது இயங்கவில்லை. அந்தச் சாவுக்குப் பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். உள்ளிருந்து அழைக்க அங்கே ஆள் இல்லை. அழைத்தால் அடிக்க மணியும் இல்லை.

மின்பணியாளரைத் தொலைபேசியில் பிடித்தாள்.

“அந்த ஃப்ரீசர் ரூம் மணி… வயரெல்லாம் கழட்டிட்டீங்கதானே?”

“லீவு நாள்ல போன் போட்டு இதையா கேக்கறீங்க மேடம்! வயரு, டப்பா, பொத்தான், எல்லாத்தையும் புடுங்கியாச்சு. பொத்தான் எங்க வீட்லதான் கெடக்கு. எம் பொண்ணு அத செவுத்துல ஒட்டிவச்சு வாசமணி வெளையாட்டு வெளையாடுறா.”

“கரண்ட்?”

“மெயினையே எறக்கியாச்சு. இப்ப அது குளிர் அறை இல்ல மேடம், வெறும் இருட்டறை.” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். “என்ன, எதாச்சும் பிரச்சினையா?”

“இல்ல. சும்மா கேட்டேன்.”

கோப்புறையை அழித்தாள். ஒரே சொடுக்கு. அழிப்பதில் அவளுக்குப் பழக்கம் உண்டு.

உறைந்த காய்கறிகளைக் காக்கும் அறை அது. உள்ளே விடும் மூச்சு மீசையில் வெண்பொடியாகப் படியும் குளிர். எவரேனும் சிக்கிக்கொண்டால் வெளியே அறிவிப்பதற்காகக் கதவின் உட்புறம் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால், எடுபிடி வழியாகப் பாதுகாப்பு அலுவலரின் கைப்பேசி, அவள் எங்கே இருந்தாலும், அலறும். பொத்தானில் பனி படிந்தால் அது தானாகவே அழுந்திக்கொள்ளும், அப்போதும் அலறும். அவள் பதறி எழுவாள்; வாயில்காவலரை எழுப்புவாள்; அவர் போய்ப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்ல மேடம், பனிதான்” என்பார். பலமுறை இப்படி. பழுது பார்க்கச் சொல்லி மேலே எழுதினாள். பதில் வரவில்லை. மறுபடி எழுதவில்லை. கடைசியில் ஒருநாள், படுக்கையில் கிடந்தவாறே, ஒரு கண்ணை மட்டும் திறந்து, எடுபிடிக்கு ஆணையிட்டாள்:

‘உள்ள இருந்து யாரு கூப்பிட்டாலும் இனிமே என்னை எழுப்பாதே. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு வை. எந்த இடம்னு எழுது. காலைல பாக்கணும்னு போடு. பாத்துக்கறேன்.’

எடுபிடி பணிந்தது. அவள் திரும்பிப் படுத்தாள்.

தன் உறக்கத்துக்காக அடுத்தவர் குரல்வளையில் பூட்டுப் போடும் உரிமையை அவளுக்கு யார் கொடுத்தார்? எவரும் கொடுக்கவில்லை. எவரும் தடுக்கவுமில்லை. உலகில் பெருங்கொடுமைகள் எல்லாம் வாளெடுத்து வருவதில்லை; பாதிக்குமேல், கொட்டாவி விட்டுக்கொண்டுதான் வருகின்றன.

போர்வைக்காரர் சிக்கிக்கொண்டது அதற்குப் பிறகுதான். சரக்கேற்றும் தொழிலாளி. வெயிலிலும் தோளில் பழுப்புக் கம்பளிப் போர்வையோடு திரிவார். அதனால் அந்தப் பெயர். “இந்த வேக்காட்டுல போர்வையா?” என்று ஒருமுறை அவளே கேட்டிருக்கிறாள். “உள்ள ஒரு காலம், வெளிய ஒரு காலம் மேடம். நான் ரெண்டுக்கும் நடுவுல குடித்தனம் பண்றவன்” என்று சிரித்தார். அன்றிரவு கடைசிப் பெட்டியை வைக்கப் போனவருக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உட்புறக் கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

காலையில் திரையைத் திறந்தபோது கோப்புறைகள் நிறைந்திருந்தன. ஒரே பெயர். ஒரே ஒழுங்கு. தொடக்கத்தில் நொடிக்கொன்றாக, நெருக்கியடித்துக்கொண்டு. பிறகு இடைவெளி விட்டு. பிறகு, வெகுநேரம் எதுவுமில்லாமல், ஒன்றே ஒன்று. அந்த ஒற்றைக் கோப்புறையைத்தான் அவளால் இன்றுவரை மறக்க முடியவில்லை. யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்த பிறகும் ஒரு மனிதன் ஏன் இன்னொரு முறை அழுத்துகிறான்?

மருத்துவ வண்டி வருவதற்குள் எல்லாவற்றையும் அழித்தாள். அறிக்கையில் எழுதினாள்: மணி ஒலிக்கவில்லை. பணியாளர் போர்வையுடன் உள்ளே சென்றிருக்கிறார், உறங்கியிருக்கக்கூடும், சொந்தக் கவனக்குறைவு.

குளிருக்குப் போர்த்திய போர்வையே அவருக்கு எதிரான சாட்சியாயிற்று. உறங்கியவள் அவள். உறங்கியவன் என்ற பழி அவர்மேல்.

திரையில் ஒரு சிறு அசைவு.

‘குளிர் அறை – உள்ளிருந்து – காலையில் பார்க்க.’

மீண்டும் வந்திருந்தது. அவள் வேகமாகத் தட்டினாள்: ‘இதை யார் போடச் சொன்னது?’

‘தங்கள் நிலையான அறிவுறுத்தலின்படி உருவாக்கப்பட்டது. உள்ளிருந்து அழைப்பு வந்தது.’

‘அந்த ரூமே வேலை செய்யல. அந்த ரூமுக்கு இனிமே ஃபோல்டர் போடாதே.’

‘சரி. குளிர் அறைக்கு நிறுத்தப்பட்டது. அங்கிருந்து எவரேனும் அழைத்தால் யாரிடம் தெரிவிக்கட்டும்?’

எளிய கேள்வி. அலுவலகப் பணிவோடு கேட்கப்பட்ட கேள்வி. திரையின் ஓரத்தில் சிறு கோடு ஒன்று அணைந்து அணைந்து எரிந்து விடைக்காகக் காத்திருந்தது.

‘யாருகிட்டயும் வேண்டாம்’ என்று தட்டினாள்.

அப்போது மேசைத் தொலைபேசி ஒலித்தது. அவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். வாயில்காவலர்.

“மேடம், போர்வைக்காரர் சம்சாரம் வந்திருக்கு. உங்களப் பாக்கணுமாம். நாளைக்கு வாம்மான்னு சொன்னேன், நகர மாட்டேங்குது. அனுப்பட்டுமா?”

“அனுப்புங்க.”

படிக்கட்டில் செருப்போசை ஏறி வந்தது. ஒரு சோடிச் செருப்பு. அதற்குச் சற்றுப் பின்னால், அதன் எதிரொலிபோல, வெறுங்கால் ஈரத்தரையில் பதிந்து எடுக்கும் ஓசை. அவள் காதைக் கூர்மையாக்கியபோது செருப்போசை மட்டும் கேட்டது.

வந்தவள் ஒல்லியானவள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிக்கொண்டாள்.

“ஏசிய ரொம்ப வச்சிருக்கீங்க மேடம்.”

ஏசி ஓடவில்லை.

“நாளைக்கு எல்லாரும் பெரிய பெரிய பேச்சா பேசுவீங்க, எனக்கு ஒண்ணும் வெளங்காது. அதான் இன்னிக்கே வந்தேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்கம்மா.”

“அவரு மணி அடிச்சாரா?”

வந்தவள் மேசையை நோக்கி ஓரடி வைத்தாள்.

“எம் மூத்தவன பள்ளிக்கூடத்துல ‘தூங்கிச் செத்தவன் மவனே’ன்னு கூப்பிடுறாங்க. சண்ட போட்டுட்டு, சட்டையக் கிழிச்சுக்கிட்டு வர்றான். அவரு தூங்கற ஆளு இல்ல மேடம். கூப்பிடாம இருக்கற ஆளும் இல்ல. வீட்டுல குளிக்கப் போனா, துண்டு எடுத்துக் குடுடின்னு போடுற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேக்கும். பக்கத்து வீட்டு அக்கா கொண்டாந்து குடுத்துட்டுப் போகும்.” சிரிக்க வந்த உதடு பாதியில் கோணிக்கொண்டது. “அப்படிப்பட்ட மனுசன், கைக்கெட்டுன தூரத்துல பொத்தான வச்சுக்கிட்டு, அடிக்காமலா இருந்திருப்பாரு? நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நம்பறேன்.”

பாதுகாப்பு அலுவலர் வாயைத் திறந்தாள். உண்மை தொண்டைவரை வந்தது. ஒரு சொல் போதும். ‘அடிச்சார்’ என்ற ஒரே சொல், ஒரு சிறுவனின் கிழிந்த சட்டையைத் தைத்துவிடும். ஒரு பெண்ணிடம் அவள் கணவனைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

அந்தக் கணத்தில், வந்தவளுக்குத் தெரியாத பக்கம் திரும்பியிருந்த திரையில், கோப்புறை ஒன்று முளைத்தது.

‘படிக்கட்டு – உள்ளிருந்து – காலையில் பார்க்க.’

அதன் கீழே இன்னொன்று. அதன் கீழே இன்னொன்று. நெருக்கியடித்துக்கொண்டு.

“இல்லம்மா,” என்றாள். “ஒரு தடவைகூட அடிக்கல.”

வந்தவள் தலையை ஆட்டினாள். நம்பியதற்கான தலையாட்டல் அல்ல அது.

“சரி மேடம். அந்தப் போர்வையாச்சும் குடுங்க. அதுவும் ஆதாரம்னு எடுத்து வச்சிருக்கீங்களாமே?”

“விசாரணை முடியட்டும். கீழ பூட்டி வச்சிருக்கு. பத்திரமா இருக்கு.”

“அவரு பத்திரமா இருந்த மாதிரியா?”

அவ்வளவுதான். திரும்பி நடந்தாள். செருப்போசை இறங்கிப் போயிற்று. கீழேயிருந்து காவலரின் குரல் எழுந்தது: “மேடம், இருட்டிடுச்சு, இந்தம்மாவ பஸ் ஏத்திவிட்டுட்டு வந்துர்றேன்!” வாயில்கதவு கிரீச்சிட்டுச் சாத்திக்கொண்டது.

அவள் தனியானாள்.

சன்னலில் வெளிச்சம் செத்துப்போயிருந்தது. திரையின் நீல ஒளி மட்டும் அவள் கைகள்மேல் விழுந்து, நகங்களை ஊதா நிறமாக்கியது. அன்று காலை, கதவருகே சுருண்டு கிடந்தவரின் நகங்களில் அவள் கண்ட அதே ஊதா. ஈர அட்டைப்பெட்டியின் வாடை இப்போது கூர்மையாயிருந்தது. அதோடு இன்னொன்றும் கலந்திருந்தது. நனைந்து காயாத கம்பளியின் வாடை.

‘படிக்கட்டுக்கும் ஃபோல்டர் போடாதே.’

‘சரி. நிறுத்தப்பட்டது. அங்கிருந்து எவரேனும் அழைத்தால் யாரிடம் தெரிவிக்கட்டும்?’

விரல்கள் விசைகளின்மேல் நின்றன. ‘என்’ என்று தட்டினாள். என்னிடம் சொல். நான் கேட்கிறேன். நான் வருகிறேன். அவ்வளவுதான் கேட்கப்பட்டது, அன்றும் அவ்வளவுதான் கேட்கப்பட்டது. ஓடிப்போய் அந்தப் பெண்ணைப் பேருந்து நிறுத்தத்தில் பிடித்துவிடலாம். நாளை விசாரணையில் எழுந்து நின்று சொல்லிவிடலாம். பிறகு வேலை போகும். வழக்கு வரும். தன் மகள் பள்ளிக்கூடத்தில் என்ன பெயரால் அழைக்கப்படுவாள்?

தட்டிய எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தாள்.

‘யாருகிட்டயும் வேண்டாம்.’

‘சரி.’

வெளியே தாழ்வாரத்தில் ஏதோ இழுபட்டது. கனமான துணி தரையில் இழுபடும் ஓசை. நின்றது. மறுபடி இழுபட்டது.

‘தாழ்வாரம் – உள்ளிருந்து – காலையில் பார்க்க.’

‘நிறுத்து. தாழ்வாரத்துக்கும் வேண்டாம்.’

‘சரி. நிறுத்தப்பட்டது. அங்கிருந்து எவரேனும் அழைத்தால்…’

‘யாருகிட்டயும் வேண்டாம் வேண்டாம் வேண்டாம்’

ஓசை நின்றது.

மூச்சை வெளியே விட்டாள். அது வெண்மையாக வந்தது.

திரையின் விளிம்பில் பனி பூத்துக்கொண்டிருந்தது. மேசைமேலிருந்த கண்ணாடிக் கோப்பையின் அடியில் மிஞ்சியிருந்த தண்ணீர் உறைந்து விரிய, கோப்பை சொடுக்கியதைப்போல வெடித்தது. அவள் எழுந்தாள். கூடத்தின் வாயிலை நோக்கி ஓடினாள். சாத்திக்கிடந்த கதவின் உலோகக் கைப்பிடியைப் பிடித்தாள். குளிர் அவள் உள்ளங்கையைக் கவ்விக்கொண்டது. இழுத்தாள். தோல் உரிந்தது. கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

பின்னால், மேசையின்மேல், கணினி மெல்ல ஒலித்தது. ஒரு கோப்புறை உருவாகும்போது ஒலிக்கும் இனிய, சிறிய ஒலி.

அவள் திரும்பவில்லை. கைப்பேசியை எடுத்தாள். குளிரில் அது அணைந்து போயிருந்தது. கதவைத் தட்டினாள்.

கணினி ஒலித்தது.

மறுபடி தட்டினாள். மறுபடி ஒலித்தது. தட்டும்போதெல்லாம். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒன்று.

திரும்பினாள்.

திரை நிறைந்துகொண்டிருந்தது.

‘அலுவலக அறை – உள்ளிருந்து – காலையில் பார்க்க.’

‘அலுவலக அறை – உள்ளிருந்து – காலையில் பார்க்க.’

மேசைக்கு ஓடினாள். மரத்த விரல்களால் தட்டினாள். எழுத்துகள் தடுமாறின. ‘காவலரக் கூப்பிடு. யாரயாவது கூப்பிடு. நான் உள்ள இருக்கேன்.’

‘தங்கள் அறிவுறுத்தலின்படி எவரிடமும் தெரிவிக்கப்படவில்லை. கோப்புறை உருவாக்கப்பட்டது.’

‘நான்தான் சொல்றேன்’

‘உருவாக்கப்பட்டது.’

‘தயவுசெஞ்சு’

‘உருவாக்கப்பட்டது.’

அப்போதுதான் அதைப் பார்த்தாள். எதிர்வரிசையில், மேசைக்கடியில் செருகியிருந்த நாற்காலிகளில் ஒன்று வெளியே இழுக்கப்பட்டிருந்தது. அதில் பழுப்புக் கம்பளிப் போர்வை உட்கார்ந்திருந்தது. தலைமுதல் பாதம்வரை மூடியபடி. மடிப்புகளில் வெண்பனி. அதன் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டிருந்தது. ஊதா நகங்கள். சுட்டுவிரல் வெற்று மேசையின்மேல், பொத்தானே இல்லாத இடத்தில், பொறுமையாக அழுத்தியது.

எடுத்தது.

அழுத்தியது.

அவள் அலறினாள். திரையில் ஒன்று சேர்ந்தது. அலறினாள். இன்னொன்று. நெருக்கியடித்துக்கொண்டு, பிறகு இடைவெளி விட்டு. பிறகு அவள் உதடுகள் அசைந்தன, ஓசை வரவில்லை. போர்வை மட்டும் அவள் பக்கமாகச் சற்றே சாய்ந்தது, நன்றாகக் கேட்க விரும்பும் ஒருவர் சாய்வதைப்போல.

வெகுநேரம் எதுவுமில்லை.

பிறகு, ஒன்றே ஒன்று.

‘அலுவலக அறை – உள்ளிருந்து – காலையில் பார்க்க.’